கட்டடக்கலை மாணவருக்கு எந்த லேப்டாப்?

பி.ஆர்க். இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதுதான். மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு பி.டெக். அண்ணன் ஒன்று சொல்வார், கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். யார் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவர்களில் எவருக்கும் நீங்கள் எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது: எப்போது வாங்குவது, எந்த மென்பொருளுக்காக வாங்குவது, பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும், கடையில் எதைச் சோதிப்பது, வாங்கிய பிறகு எப்படிக் காப்பாற்றுவது.

1. எப்போது வாங்குவது?

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. பல கல்லூரிகளில் முதல் ஆண்டு ஸ்டூடியோ பெரும்பாலும் கைவேலைதான்: மினி டிராஃப்டர், டிராயிங் ஷீட், பென்சில், கட்டர், மவுண்ட் போர்டு. கணினி வரைபடம் பாடமாக வந்து, ஷீட்டுகளைக் கணினியிலேயே முடிக்க அனுமதிப்பது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில். கனமான ரெண்டர் வேலை (மாடலை நிஜம் போன்ற படமாக மாற்றுவது) மூன்றாம் ஆண்டில் தொடங்கி, கடைசி ஆண்டு தீசிஸில் உச்சத்துக்குப் போகும்.

சேர்ந்த மாதமே வாங்கினால், லேப்டாப் சும்மா கிடக்கும் காலத்தில் வாரண்டி ஓடிவிடும். கடுமையாக உழைக்க வேண்டிய காலத்தில் வாரண்டி இருக்காது. ஆகவே:

1. கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்தில் மூன்றாம் ஆண்டு சீனியர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "என்ன லேப்டாப் வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த மென்பொருளில் அது திணறுகிறது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்குப் பயன்படும்.
2. துறையின் கணினி ஆய்வகத்தில் எந்த மென்பொருள், எந்த ஆண்டுப் பதிப்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெவிட்டின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. குழு வேலையில் இது பெரிய தலைவலி.
3. முதல் ஆண்டுக்கு வீட்டிலுள்ள பழைய லேப்டாப் போதுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை தட்டச்சு செய்யவும் ஸ்கெட்ச்அப் பழகவும் அது போதும்.
4. கல்லூரி முதல் நாளிலிருந்தே கட்டாயம் என்று சொன்னால், கீழே சொல்லும் நடுத்தர அளவுக்குக் குறையாமல் ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். மலிவாக ஒன்று, பிறகு நல்லதாக ஒன்று என்று இரண்டு முறை வாங்குவதுதான் உள்ளதிலேயே விலை உயர்ந்த வழி.

குறிப்பு: ஆப்பிள், டெல், எச்பி, லெனோவா நிறுவனங்களுக்கு மாணவர் விலைத் திட்டங்கள் உண்டு. கல்லூரி அடையாள அட்டையும் கல்லூரி மின்னஞ்சலும் கைக்கு வந்த பிறகு வாங்கப் போனால் அந்தச் சலுகையைக் கேட்டுப் பெறலாம்.

2. மென்பொருள் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் படிப்புக்கு உரியதைக் கீழிருந்து தேர்ந்து எழுதுங்கள்.

- கட்டடக்கலை: ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ. ரெண்டருக்கு லுமியான், என்ஸ்கேப், டி5, ட்வின்மோஷன். ஷீட் தயாரிக்க போட்டோஷாப், இன்டிசைன்.
- உள்ளலங்காரம்: மேலே சொன்னவற்றோடு 3டிஎஸ் மேக்ஸ், வி-ரே, கொரோனா.
- பொருள் வடிவமைப்பு: ரைனோ, ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ், கீஷாட்.
- கிராஃபிக், இடைமுக வடிவமைப்பு: இலஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், ஃபிக்மா.
- அனிமேஷன்: பிளெண்டர், மாயா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்.
- நகரத் திட்டமிடல்: கியூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ.

இனி ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எதைத் தின்கிறது என்று எழுதுங்கள்.

வரைவதும் மாடல் கட்டுவதும் (ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட்) பெரும்பாலும் புராசஸரின் ஒரு கோரை மட்டும் நம்பி ஓடும். அங்கே கோர்களின் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம். லுமியான், டி5, ட்வின்மோஷன், என்ஸ்கேப் ஆகியவை கிராஃபிக்ஸ் கார்டை நம்பியவை. கொரோனா நேர் எதிர். அது புராசஸரின் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொண்டு ஓடும், கிராஃபிக்ஸ் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வி-ரேயை இரண்டு வழியிலும் ஓட்டலாம். போட்டோஷாப், இன்டிசைன் ஆகியவற்றுக்கு ரேம்தான் தீனி.

கிராஃபிக் வடிவமைப்பு மட்டுமே படிக்கும் மாணவர் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும்: அவருக்குக் கேமிங் லேப்டாப் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல திரைக்கும் ரேமுக்கும் போடலாம்.

மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும்? ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், மாயா, ஃப்யூஷன் ஆகியவை தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசம். ஓராண்டுக்குத் தருவார்கள், மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். பிளெண்டரும் கியூஜிஐஎஸ்ஸும் எல்லோருக்கும் இலவசம். ரைனோவுக்குக் குறைந்த விலையில் மாணவர் உரிமம் உண்டு. ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆவதில்லை. அடோபி மென்பொருள்களுக்கு மாணவர் சந்தா இருக்கிறது. லேப்டாப் பட்ஜெட் போடும்போதே இந்தச் சந்தாவையும் சேர்த்துப் போடுங்கள்.

எச்சரிக்கை: விடுதியில் பென் டிரைவில் சுற்றிவரும் 'கிராக்' பதிப்புகளை நிறுவ, முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை அழைக்கிற வேலை அது. ஒரு செமஸ்டர் வேலை முழுவதும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் நிலை ஜூரிக்கு, அதாவது வேலையைக் குழுவின் முன் வைத்து மதிப்பிடும் நாளுக்கு, முந்தைய நாள் வந்தால் யாரிடமும் முறையிட முடியாது.

3. மேக்கா, விண்டோஸா?

இந்த விவாதத்துக்கு உங்கள் பட்டியலே பதில் சொல்லிவிடும்.

1. பட்டியலில் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லுமியான், டி5, சாலிட்வொர்க்ஸ், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ இவற்றில் ஒன்று இருந்தாலும் விண்டோஸ் வாங்குங்கள். இவை மேக்கில் நேரடியாக ஓடாது.
2. ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்க்கிகேட், பிளெண்டர், ட்வின்மோஷன், அடோபி வரிசை, ஃபிக்மா மட்டும்தான் என்றால் மேக் தாராளமாக வாங்கலாம். ஆட்டோகேடும் மேக்கில் உண்டு. ஆனால் விண்டோஸ் பதிப்பிலுள்ள எல்லா வசதிகளும் அதில் இருக்காது.
3. "மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அது இன்டெல் சிப் இருந்த காலத்துக் கதை. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில், மேக்கில் விண்டோஸ் நிறுவ உதவிய பூட் கேம்ப் இல்லை. வேறு செயலி வழியாக விண்டோஸை உள்ளே ஓட்டலாம். ஆனால் அப்படி ஓட்டும் ரெவிட் தகராறு செய்தால் ஆட்டோடெஸ்க் கைகொடுக்காது.
4. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புகள் மெலிதாக இருக்கும், பேட்டரி நாள் முழுக்க நிற்கும். கட்டடக்கலை மாணவர் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. விண்டோஸ் என்று எழுதியிருந்தாலும் சிப்பின் கட்டமைப்பு வேறு. கனமான வரைகலை மென்பொருள்கள் பல அதற்காக எழுதப்பட்டவை அல்ல.

4. பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்?

ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: பிறகு மாற்ற முடியாததில் முதலில் பணத்தைப் போடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, புராசஸர், திரை மூன்றையும் பிறகு மாற்ற நடைமுறையில் வழியில்லை. ரேமையும் எஸ்எஸ்டியையும் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு

பெயரை விட முதலில் பார்க்க வேண்டியது அதன் சொந்த மெமரி. மரம், புல், மனித உருவங்கள், உயர்தர டெக்ஸ்சர் எல்லாம் ரெண்டரின்போது அந்த மெமரியில்தான் வந்து உட்காரும். அது நிரம்பினால் மென்பொருள் நத்தை வேகத்துக்கு இறங்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

- 4 ஜிபி: சிறு வீடு, எளிய காட்சி. மூன்றாம் ஆண்டிலேயே இறுக்கும்.
- 6 ஜிபி: குறைந்தபட்சம் இது வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 இந்த வகை.
- 8 ஜிபி: தீசிஸ் வரை கவலை குறைவு. ஆர்டிஎக்ஸ் 4060, 5050, 5060 இந்த வகை.

லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4070-லும் அதே 8 ஜிபிதான். அதற்குக் கேட்கும் கூடுதல் விலையை ரேமில் போட்டால் அதிகப் பலன் கிடைக்கலாம்.

அடுத்தது வாட். தண்ணீர் மோட்டார் வாங்கும்போது கம்பெனி பெயரோடு எத்தனை எச்.பி. என்றும் கேட்போம் அல்லவா? இங்கும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை வருகிறது. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைத்த 4060-ஐ, முழு வாட்டில் ஓடும் 4050 ரெண்டரில் முந்திவிடக்கூடும். விளம்பரத் தாளில் இந்த எண்ணைச் சின்ன எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

ரேம்

16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். 32 ஜிபி நிம்மதி. ஏன் இவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஏ1 ஷீட் 594 × 841 மில்லிமீட்டர். அதை 300 டிபிஐயில் போட்டோஷாப்பில் திறந்தால் ஏறத்தாழ 7,016 × 9,933 பிக்சல், அதாவது சுமார் 7 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கே 200 எம்பிக்கு மேல். பிளான், நிழல், மரம், வானம், மனிதர் என்று இருபது லேயர் போட்டால் 4 ஜிபியைத் தாண்டும். பின்னணியில் ரெவிட்டும் பிரவுசரும் திறந்தே இருக்கும். 8 ஜிபி லேப்டாப் அங்கேயே மூச்சுவாங்கும்.

வாங்கும்போது இரண்டு கேள்வி: ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா? காலி ஸ்லாட் இருக்கிறதா? பற்றவைத்தது என்றால் வாங்கும்போதே 32 ஜிபி எடுங்கள். பிறகு கூட்ட முடியாது. ஸ்லாட் இருந்தால் 16 ஜிபியில் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் கூட்டலாம். ஒரே 16 ஜிபி சில்லாக இருப்பதை விட இரண்டு 8 ஜிபி சில்லுகள் வேகம். ஆனால் பிறகு கூட்டும்போது இரண்டையும் கழற்ற வேண்டிவரும். எது வசதி என்று யோசித்து முடிவெடுங்கள்.

குறிப்பு: தூரத்திலிருந்து பார்க்கும் ஜூரி ஷீட்டுக்கு 150 முதல் 200 டிபிஐயே பெரும்பாலும் போதும். 300-ஐ 150 ஆக்கினால் கோப்பின் அளவு நாலில் ஒன்றாகும். காசில்லாமல் ரேம் கூட்டுகிற வழி இது.

புராசஸர்

ஐ5, ஐ7, ரைசன் 7 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். 'யு' என்று முடிந்தால் பேட்டரி மிச்சத்துக்கானது. 'எச்', 'எச்எஸ்', 'எச்எக்ஸ்' என்று முடிந்தால் வேலைக்கானது. "சார், இது ஐ7, அது வெறும் ஐ5" என்று கடைக்காரர் சொல்லும்போது எழுத்தைப் பாருங்கள். அதே தலைமுறையைச் சேர்ந்த 'யு' வகை ஐ7-ஐ விட 'எச்' வகை ஐ5 ரெண்டரில் வேகமாக இருப்பது சாதாரணம்.

எஸ்எஸ்டி

என்விஎம்இ வகை, 1 டிபி. பட்ஜெட் இடிக்கிறதென்றால் 512 ஜிபி எடுத்துக்கொண்டு, இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸ், ஆட்டோடெஸ்க், அடோபி, ஒரு ரெண்டர் மென்பொருளின் பொருள் நூலகம் எல்லாம் ஏறிய பிறகு 512 ஜிபியில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

திரை

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பது விளையாட்டுக்கு. உங்களுக்கு அதனால் பெரிய பயனில்லை. நீங்கள் தேட வேண்டியது "100% எஸ்ஆர்ஜிபி". சில பெட்டிகளில் "45% என்டிஎஸ்சி" என்றிருக்கும். அந்தத் திரையில் ஆத்தங்குடி டைலின் சிவப்பு வெளிறித் தெரியும். போதவில்லை என்று நினைத்து போட்டோஷாப்பில் நிறத்தைக் கூட்டுவீர்கள். பிளாட்டரில் (பெரிய ஷீட் அச்சிடும் எந்திரம்) வெளிவரும் ஷீட் ரத்தச் சிவப்பாக இருக்கும். தவறு பிளாட்டர் கடைக்காரருடையது அல்ல, திரையினுடையது.

- ஐபிஎஸ் பேனல், குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம்.
- 15.6 அல்லது 16 அங்குலம். 16:10 விகிதம் கிடைத்தால் கருவிப் பட்டைகள் போக வரைய உயரம் மிஞ்சும்.
- ஓஎல்இடி நிறம் அழகு. ஆனால் ஒரே கருவிப் பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் காலப்போக்கில் தடம் விழ வாய்ப்புண்டு.

மற்றவை

எடை கவனம். கேமிங் வகை லேப்டாப் 2.3 கிலோ என்றால் அதன் சார்ஜரும் முக்கால் கிலோ வரை வரும். ஷீட் டியூப், மாடல் பெட்டியோடு பேருந்தில் ஏறுபவர் இந்த மூன்று கிலோவைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். தனி எண் விசைப்பலகை இருந்தால் அளவுகளைத் தட்டுவது சுலபம். எச்டிஎம்ஐ போர்ட் அவசியம். ஜூரி அறையின் புரொஜெக்டர் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறுமென்றால் வகுப்புக்குச் சின்ன சார்ஜர் போதும். பெரியது அறையிலேயே இருக்கட்டும்.

மூன்று அளவுகள், ஒரே பார்வையில்

- குறைந்தபட்சம்: 'எச்' வகை ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம் (கூட்ட இடமிருக்க வேண்டும்), 6 ஜிபி கிராஃபிக்ஸ், 512 ஜிபி எஸ்எஸ்டி.
- நடுத்தரம்: 'எச்' வகை ஐ7 அல்லது ரைசன் 7, 16 ஜிபியில் தொடங்கி 32, 8 ஜிபி கிராஃபிக்ஸ், 1 டிபி, 100% எஸ்ஆர்ஜிபி திரை. பெரும்பாலானோர் இங்கே நின்றால் போதும்.
- கிராஃபிக் வடிவமைப்புக்கு மட்டும்: தனி கிராஃபிக்ஸ் இல்லாத மெலிந்த லேப்டாப் அல்லது மேக்புக் ஏர், 16 ஜிபி, நல்ல திரை.

வீட்டிலிருந்து போய்வருபவராக இருந்தால் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அதே பணத்தில் வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பும் கையில் ஒரு சாதாரண லேப்டாப்பும் சில சமயம் அமையும். டெஸ்க்டாப் அவ்வளவாகச் சூடாகாது, பாகம் மாற்றுவது எளிது. விடுதி மாணவருக்கு இது ஒத்துவராது.

5. கடையில் பத்து நிமிடச் சோதனை

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் ஷோரூமோ, காட்சிக்கு வைத்த லேப்டாப்பில் இதைச் செய்யுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தொட்டால், ரேம் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். '2-இல் 1' என்றால் ஒன்று காலி.
2. அங்கேயே 'ஜிபியு'வைத் தொடுங்கள். 'டெடிகேட்டட்' என்று வரும் எண்தான் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி. 'ஷேர்டு' என்பது ரேமிலிருந்து கடன் வாங்குவது. சில விற்பனையாளர்கள் இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள்.
3. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து அதிகபட்ச கிராஃபிக்ஸ் வாட்டைப் படியுங்கள்.
4. சிவப்பு, பச்சை அதிகமுள்ள ஒரு படத்தைத் திறந்து, அதையே உங்கள் கைபேசியிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பில் மட்டும் சாம்பல் பூசியது போலிருந்தால் வேறு மாடல் பாருங்கள்.
5. விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உடல் பலவீனம். திரையைத் திறந்து மூடி கீல் எப்படி என்று பாருங்கள்.

முடிவெடுத்த பின், முத்திரை பிரிக்காத பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்:

6. பெட்டி, லேப்டாப்பின் அடிப்பகுதி, ஜிஎஸ்டி பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.
7. விண்டோஸ் உரிமத்தோடு வருகிறதா என்று கேளுங்கள். 'டாஸ்' என்று பில்லில் இருந்தால் விண்டோஸ் இல்லை என்று பொருள். விலை குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.
8. முக்கியம்: முதல்முறை இயக்கும்போது உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போடுங்கள். "நான் செட் பண்ணித் தரேன் தம்பி" என்று கடைப் பையன் தன் கணக்கைப் போட்டுவிட்டால், லேப்டாப்போடு வரும் ஆஃபிஸ் உரிமம் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

இணையத்தில் வாங்கினால், பெட்டியின் முத்திரை தெரியத் தொடங்கி லேப்டாப் ஓடும்வரை ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுத்து வையுங்கள்.

வாரண்டியில் இரண்டு விஷயம்: வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வகையா, தவறி விழுந்தால் அல்லது காபி கொட்டினால் ஈடுகட்டும் காப்பு தனியாக உண்டா? ஸ்டூடியோ மேசையில் தண்ணீர் பாட்டிலும் ஃபெவிகாலும் லேப்டாப்பும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் காப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

6. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் அப்டேட்டை முழுக்க முடியுங்கள். பிறகு என்விடியாவின் 'ஸ்டூடியோ' டிரைவரை நிறுவுங்கள். படைப்பு மென்பொருள்களை மனத்தில் வைத்துச் சோதித்த டிரைவர் அது.
2. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'கிராஃபிக்ஸ்' வரிசையில் போய் ஸ்கெட்ச்அப், லுமியான் போன்றவற்றுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். "கார்டு இருந்தும் ஓடவே மாட்டேங்குது" என்ற புகாரில் பாதி இதனால்தான்.
3. பல லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 தானாகவே வட்டைப் பூட்டி வைக்கிறது. ஏதாவது பழுதானால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். இன்றே எடுத்து, அச்சிட்டு வீட்டில் வையுங்கள்.
4. தானியங்கிச் சேமிப்பைச் சரிபாருங்கள். ஆட்டோகேட் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஸ்கெட்ச்அப் 5 நிமிடத்துக்கு ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கும். ரெவிட் தானாகச் சேமிக்காது, "சேமிக்கவா?" என்று நினைவூட்ட மட்டும் செய்யும். அந்தப் பெட்டி வந்ததும் எரிச்சலில் மூடாமல் சேமித்துவிடுங்கள்.
5. உருளையுள்ள மவுஸ் ஒன்று வாங்குங்கள். நடு உருளையை அழுத்திப் படத்தை நகர்த்துவதும் உருட்டிப் பெரிதாக்குவதும் இல்லாமல் ஆட்டோகேட் வேலை நகராது.

7. பாதுகாப்பு

மின்சாரம். பெரிய சார்ஜர்கள் மூன்று பின் பிளக்கோடு வரும். விடுதியின் இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகுவதற்காக எர்த் பின்னை வெட்டாதீர்கள், மடக்காதீர்கள். லேப்டாப்பின் உலோக உடலைத் தொடும்போது சுருக்கென்று கூச்சம் தெரிந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். வார்டனிடம் சொல்லி பிளக் பாயின்ட்டைச் சரிசெய்யுங்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் லேப்டாப்பும் வேண்டாம்.

சூடு. மே மாதத்து விடுதி அறையில் இரவு முழுக்க ரெண்டர் ஓடும்போது லேப்டாப் மெத்தைமேல் இருக்கக் கூடாது. காற்று உறிஞ்சும் வாய் அடியில்தான் இருக்கிறது. மெத்தை அதை அடைத்துவிடும். கெட்டியான மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். ஃபோம் போர்டு அறுக்கும் மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் தூள் ஃபேனுக்குள் போய் அடையும். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே சுத்தம் செய்யுங்கள். வாரண்டி இருக்கும்வரை அதை சர்வீஸ் சென்டரிலேயே செய்வது நல்லது.

பேட்டரி. எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு, நிறுவனத்தின் செயலியில் சார்ஜ் வரம்பை 80% என்று வையுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ உடல் சரியாக மூடாமல் போனாலோ பேட்டரி உப்புகிறது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அமுக்குவதும் குத்திப் பார்ப்பதும் தீ விபத்தில் முடியும். பேட்டரியில் ரெண்டர் போடாதீர்கள். வேகமும் பாதியாகும், பேட்டரியின் ஆயுளும் குறையும்.

பயணம். அகமதாபாத், சண்டிகர் என்று ஸ்டடி டூர் போகும்போது ரயில் பெட்டியின் பிளக் பாயின்ட்டில் 200 வாட் சார்ஜரைப் போட்டு ரெண்டர் ஓட்ட நினைக்காதீர்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லேப்டாப்பையும் அதிலேயே வைப்பது நல்லது. மழைக்காலத்தில் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

கோப்புகள். வேலையின் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்தால் கணக்குச் சரி. வெளிவட்டை லேப்டாப் பையிலேயே வைத்துச் சுமக்காதீர்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கோப்பின் பெயரில் 'ஃபைனல்' என்று எழுதுவதை விட்டுவிட்டு 01, 02, 03 என்று எண்ணிடுங்கள்.

8. அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஐ9 என்ற எழுத்துக்காகப் பணம் கொடுத்து, 4 ஜிபி கிராஃபிக்ஸோடு வீடு திரும்புவது.
- மெலிவுக்கு மயங்கிப் பற்றவைத்த 8 ஜிபி ரேம் வாங்குவது.
- வெளியூரில் படித்துக்கொண்டு, சர்வீஸ் சென்டர் அந்த ஊரில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது.
- பழைய லேப்டாப்பை பில் இல்லாமல் வாங்குவது. பழையது வாங்கினால் பில், பேட்டரியின் நிலை, அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பார்த்த சூடு மூன்றும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.
- சப்மிஷன் வாரத்தில் விண்டோஸையோ மென்பொருளையோ புதுப்பிப்பது. ஜூரி முடியும்வரை எதையும் தொடாதீர்கள்.
- இருக்கிற பணத்தையெல்லாம் லேப்டாப்பில் போட்டுவிட்டு, வெளிவட்டுக்கும் மவுஸுக்கும் பிளாட்டிங்குக்கும் கடன் கேட்பது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

9. கடைக்குக் கையோடு கொண்டுபோகும் சீட்டு

கீழேயுள்ளதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் விடைகளைக் குறியுங்கள்.

1. என் மென்பொருள் பட்டியலில் எல்லாமே இதில் ஓடுமா?
2. கிராஃபிக்ஸ் மெமரி எத்தனை ஜிபி, எத்தனை வாட்?
3. ரேம் எவ்வளவு, கூட்ட இடமுண்டா?
4. புராசஸர் பெயரின் கடைசி எழுத்து என்ன?
5. திரை 100% எஸ்ஆர்ஜிபியா?
6. இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட் உண்டா?
7. சார்ஜரோடு சேர்த்து எடை எவ்வளவு?
8. வாரண்டி எத்தனை ஆண்டு, விபத்துக் காப்பு உண்டா, கல்லூரி ஊரில் சர்வீஸ் உண்டா?

முதல் கேள்விக்கு "இல்லை" என்று வந்தால் மற்ற ஏழையும் கேட்க வேண்டாம். அடுத்த மாடலுக்குப் போங்கள். எட்டில் ஆறுக்காவது திருப்தியான விடை கிடைத்து, மீதி இரண்டும் பிறகு பணம் போட்டுச் சரிசெய்யக்கூடியவையாக இருந்தால், பேரத்தைத் தொடங்கலாம்.